பால் நேரத்துக் கிட்டார்

காலை பத்தரை மணி. எங்கள் தோட்டத்துப் புள்ளைக்காம்பராவில் பத்தொன்பது பிள்ளைகள் தொட்டிலில் தூங்குகிறார்கள். சரி, அது நல்ல காரியம். தரையில் பதினொரு தாய்மார்களும் தூங்குகிறார்கள். வினை அங்கேதான்.

சந்தனக்கா சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு. மூக்காயி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஒருக்களித்து. ராசம்மா பிள்ளையின் தொட்டிலை ஒரு கையால் பிடித்தபடியே. குறட்டை வேறு, அதுவும் மூன்று வகை. இருபத்திரண்டு பாதங்களும் என் பக்கம் நீட்டியிருந்தன. அட்டை கடிக்காமல் இருக்கத் தேய்த்த சவர்க்காரம் காலில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

வெளியே கருப்பையா கங்காணி தொண்டை கிழியக் கத்துகிறார். “ஏ புள்ளைகளா! பால் குடுக்கப் போனீங்களா, இல்ல மாடு புடிச்சுப் பால் கறக்கப் போனீங்களா? நாலாம் நம்பர் மலை சும்மா கெடக்கு!”

உள்ளே ஒருவரும் அசையவில்லை. நான் மட்டும் கிட்டாரை மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருக்கிறேன். கையை எடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அதற்குத்தானே எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வேலை போகிற நேரம்.

மூணு மாசத் தவணை

என் இளைப்பைப் பற்றிப் போன வாரம் எழுதியதற்கு மூன்று வாசகர்கள் மருந்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஒருவர் நத்தை சாப்பிடச் சொல்கிறார். ரொம்ப நன்றி, நத்தை மட்டும் வேண்டாம்.

இந்த வாரம்தான் என்னைப் படிக்கத் தொடங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பிலோமினா. எழுபதுகளின் கடைசி அது, எனக்கு இருபத்திரண்டு வயது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆறு வருசமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் வந்தால் கூடையோடு மலை ஏறவே முடியாது. நாலு எட்டு வைத்தால் நெஞ்சு விசில் அடிக்கும். பின்னால் வருகிறவர்கள், “ரயில் வருது, ஒதுங்குங்கடி” என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன்.

அப்போது புள்ளைக்காம்பரா ஆயம்மா கல்யாணமாகிக் கொத்மலைக்குப் போனாள். கொழுந்து எடுக்கிற பெண்கள் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்தான் புள்ளைக்காம்பரா. ஒரே நீட்டு அறை, உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில். அந்த வேலைக்கு நான் கண்டாக்கையா காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வெளி வேலை எல்லாம் அவர் கையில்தான்.

“மூணு மாசம் பாக்குறேன் பிலோமினா. ஆபீஸ் கீழதான் இருக்கு. புள்ளைங்க கத்துற சத்தம் அங்க கேக்கக் கூடாது. நாலாம் நம்பர் மலையில கொழுந்தும் கொறையக் கூடாது. ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிரணும். வெளங்குச்சா?”

விளங்கியது. என் நெஞ்சுக்கும் விளங்கியது.

ஆனால் பிள்ளைகளுக்கு விளங்கவில்லையே! ஒன்று தொடங்கினால் பத்தொன்பதும் தொடங்கும். இந்த மூலையில் அடக்கினால் அந்த மூலையில் கிளம்பும். பாடிப் பார்த்தேன். என் பாட்டைக் கேட்டு, தூங்கிக்கொண்டிருந்ததும் எழுந்து அழுதது. முதல் மாதத்தில் ஆபீஸ் பியோன் நாலு தடவை மேலே ஏறி வந்தான். “ஐயா என்னா கொலையான்னு கேக்கச் சொன்னாரு” என்றான்.

சூசையண்ணன் கைவிட்ட சாமான்

என் அண்ணன் சூசை கினிகத்தேனையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தான். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வெள்ளைக்காரத் தொரை ஒருவர் சாமான்களை எல்லாம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். அந்தப் பங்களாச் சாமானில் ஒரு கிட்டார் அண்ணன் கைக்கு வந்தது.

பாட்டுக் குழு ஆரம்பிக்கப் போகிறேன் என்று நின்றான். முடியை முன்னால் இழுத்து விட்டான். காற்சட்டையின் கால் இரண்டையும் அகலமாகத் தைத்தான். கிட்டாரைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக வந்தது. மூன்றாம் வாரம் விரல் நுனி நாலும் கொப்பளித்தது. கிட்டார் ஆணிக்குப் போனது. காற்சட்டை மட்டும் ரொம்ப நாள் ஓடியது.

அழுகையோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், ஒரு திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு புள்ளைக்காம்பராவுக்குப் போனேன். ஆறு தந்தியில் இரண்டு துருப்பிடித்து அறுந்திருந்தன. அண்ணன் கடையில் கழித்துப் போட்ட சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து, அதில் இரண்டு இழையை மாட்டினேன். கை கிழிந்தது. ஆனால் அந்த வயர் நின்றது பாருங்கள், கடைசிவரை அறுந்ததே இல்லை!

காத்தாடியோடு சமாதானம்

புள்ளைக்காம்பராவுக்கு மேலே நூறடியில் தேயிலைத் தொழிற்சாலை. அதன் மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட போட்டிருப்பார்கள். அதற்குக் காற்று ஊத இரண்டு பெரிய காத்தாடி. பகல் முழுக்க ஒரே சுரம், ம்ம்ம்ம்ம் என்று. பழகிப்போனதால் ஓடும்போது அது யார் காதிலும் ஏறாது, நின்றால்தான் கவனிப்போம்.

எந்தத் தந்தியை எந்தச் சுரத்தில் வைப்பது என்று அண்ணன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். அதன்படியே முறுக்கினேன். கிட்டார் ஒன்று சொல்கிறது, காத்தாடி இன்னொன்று சொல்கிறது. இரண்டும் குழாயடியில் சண்டை போடுகிற மாதிரி. பிள்ளைகள் இன்னும் வீறிட்டன.

காத்தாடியை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. முறுக்காணியைத் திருப்ப அதிகாரம் இருந்தது. தாளை அடுப்பில் போட்டேன். தடித்த தந்தி இரண்டையும் காத்தாடியின் அதே சுரத்துக்கு, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினேன். நடுத் தந்தி இரண்டையும் காத்தாடிக்கு நேரே நிறுத்தினேன். மேலே ஒன்றைப் பஞ்சமத்தில் வைத்தேன். மிச்சம் ஒன்றை மேல் ஷட்ஜத்துக்கு ஏற்றினேன், அறுந்தால் கண் போகும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு. மாதா கோயில் ஆர்மோனியத்தில் கேட்ட ஸாவும் பாவும்தான் எனக்குத் தெரிந்த சங்கீதம் முழுவதும்.

ஆறையும் சேர்த்து ஒரு தடவு தடவினேன்.

ஆத்தாடி! அறை முழுவதும் நிறைந்துவிட்டது. காத்தாடிச் சத்தமும் கிட்டாரும் ஒன்றுக்குள் ஒன்று போய், எது எது என்று தெரியவில்லை. சத்தம் கிட்டாரிலிருந்து வருகிறதா, சுவரிலிருந்து வருகிறதா? எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டது. எழுந்து நின்று ஒரு சுற்று ஆடினேன். பார்க்க ஆள் இல்லை, பிள்ளைகள்தான் பார்த்தன. பார்த்தன என்றால், அழாமல் பார்த்தன!

அதற்குப் பிறகு அதே பைத்தியம்தான். விரல் வைத்து அழுத்துகிற வேலையே இல்லை. பிள்ளைகளுக்கு வயிற்று மருந்து வருகிற கண்ணாடிப் போத்தலைத் தந்தி மேல் உருட்டினால் சுரம் வழுக்கிக்கொண்டு மேலே போய்விட்டுத் திரும்பி வரும். பெரிய கண்டுபிடிப்பு இன்னொன்று. நடுத் தந்தி இரண்டில் ஒன்றை மயிரிழை அளவு இறக்கிவிட்டால் சத்தம் அலை அலையாக ஏறி இறங்கும், வா...வ், வா...வ் என்று. இறக்க இறக்க அலை வேகமாகும், நேருக்குக் கொண்டுவரக் கொண்டுவர மெதுவாகும். மெதுவான அலைக்குப் பிள்ளைகளின் மூச்சே கட்டுப்பட்டது.

ஆனால் சும்மா வருமா? பனி இறங்கினால் தந்தி தன்பாட்டுக்கு ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். தினமும் விடியலில் காத்தாடி ஓடத் தொடங்கும்போதே போய் உட்கார்ந்து, காதைக் கட்டையில் வைத்துத் திருகிக்கொண்டிருப்பேன்.

வாயை மோந்து பார்த்தார்

இரண்டாம் மாதம் கண்டாக்கையா தானே மேலே ஏறி வந்தார். சத்தம் கேட்டதற்காக இல்லை. சத்தம் கேட்கவில்லை என்று.

“புள்ளைங்க எங்க?”

“தூங்குதுங்கய்யா.”

“பத்தொம்பதுமா?”

“ஆமாங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்னாத்தக் குடுத்த? உண்மையச் சொல்லு. சாராயமா? கசகசாவா?”

நான் பதில் சொல்வதற்குள் முதல் தொட்டிலில் குனிந்து பிள்ளையின் வாயை மோந்து பார்த்தார். பிறகு இரண்டாவது. மூன்றாவது. ஏழாவது தொட்டிலில் மூக்காயியின் மகன் ஏப்பம் விட்டான், நேராக மூக்குக்குள். ஐயா நிமிர்ந்து கைக்குட்டையை எடுத்தார். விடாமல் பத்தொன்பதையும் மோந்து முடித்தார். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு முட்டுகிறது, வேலை போய்விடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

“பால் நாத்தம்தான்” என்று ஏமாந்த மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை மாதா கோயிலுக்குக் கொண்டுபோனேன். காணிக்கை நேரத்தில் வாசிக்கச் சொன்னார்கள். காத்தாடி இல்லாவிட்டாலும் ஆறு தந்தியும் அழகாகத்தான் பேசின. ஐந்து நிமிடம் வாசித்திருப்பேன். உபதேசியார் மெல்லப் பக்கத்தில் வந்து காதோடு கேட்டார், “தங்கச்சி, சுருதி சேத்து முடிஞ்சிருச்சுன்னா பாட்ட ஆரம்பிக்கலாமே?” பாடகர் குழு மொத்தமும் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தது. இதுதான் பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பால் நேரம்

காலை பத்து மணிக்கு, பால் மறக்காத பிள்ளைகளின் தாய்மார் பதினொரு பேரும் மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். அரை மணி நேரம். அந்த நேரத்தில் ஆம்பளை ஒருத்தரும் புள்ளைக்காம்பராவுக்குள் கால் வைக்க மாட்டார்கள். கங்காணியாக இருக்கட்டும், தொரையாக இருக்கட்டும், படிக்கட்டோடு சரி. எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எந்தத் தோட்டத்தில் போய்க் கேட்டாலும் அப்படித்தான்.

அந்தத் தாய்மாரும் மனிசர்தானே? விடியுமுன்னே எழும்பி, ரொட்டி சுட்டு, தண்ணி தூக்கி, பெரட்டுக்கு ஓடி வேலைக்குப் பேர் கொடுத்து, அங்கிருந்து மலைக்கு ஓடுகிறவர்கள். உட்கார்ந்ததும் அந்த அலை அவர்களையும் பிடித்தது. முதலில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பிறகு நாலு பேர். நான் காலால் தட்டி எழுப்பிவிடுவேன்.

நான் சொன்ன அந்தக் காலையில் பனி கண்ணை மறைத்தது. தந்தி எல்லாம் ஏறிக் கிடந்தது. திருகிக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு இடத்தில் அதுவரை கிடைக்காத அலை கிடைத்தது. அவ்வளவு மெதுவான அலை! ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வருவதற்குள் ஒரே ஒரு அலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதிலேயே கிடந்தேன். பால் நேரம் வந்ததும் தெரியும், அவர்கள் வந்து உட்கார்ந்ததும் தெரியும். தட்டி எழுப்ப வேண்டும் என்பது மட்டும் மறந்துபோனது. தப்பு என்னுடையதுதான்.

கண்ணைத் திறந்தால் பதினொரு பேரும் தரையில். வெளியே கங்காணி.

கொஞ்ச நேரத்தில் கண்டாக்கையா குரலும் கேட்டது. இருந்த இடத்திலிருந்தே கதவு இடுக்கால் பார்த்தேன். இரண்டு பேரும் தூறலில், அறைக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மலையைப் பார்த்துத்தான் என்னைத் திட்டுகிறார்கள்.

“பிலோமினா! எழுப்பு அவளுகள!”

“ஐயா, கையை எடுத்தா பத்தொம்பதும் எந்திரிச்சுக் கத்துங்களே! ஆபீசுக்குக் கேக்குமே! எடுக்கட்டுங்களா?”

கண்டாக்கையா யோசிப்பது முதுகிலேயே தெரிந்தது. வாசித்தால் மலை சும்மா கிடக்கும், நிறுத்தினால் பிள்ளைகள் அலறும். எப்படிப் போனாலும் எனக்குக் கூடைதான். கட்டைவிரல் மட்டும் தன் பாட்டில் அலையைத் தடவிக்கொண்டிருக்கிறது.

அப்போது பார்த்துத் தொரையின் ஜீப். புதுத் தொரை, சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். இறங்கினார், அவரும் இரண்டு எட்டு வைத்தார், பால் நேரம் என்று கங்காணி கையைக் காட்டியதும் சட்டென்று மலைப்பக்கம் திரும்பினார். இப்போது மூன்று முதுகு.

“மொகத மே?” என்றார். என்ன இது என்று. பிறகு தமிழில், “இந்தப் பாட்டு எப்ப முடியும்?”

“இது முடியாதுங்க தொரை” என்றேன் உள்ளேயிருந்து. வேறு என்ன சொல்வது?

உள்ள பாத்தீங்களாய்யா

அந்தக் குரல்களில் சந்தனக்கா கண்ணைத் திறந்தாள். முப்பது வயது, மூன்று பிள்ளைக்காரி, வாயில் கைவைத்தால் கடிப்பாள். சுற்றிப் பார்த்தாள். இடுக்கால் மூன்று முதுகையும் பார்த்தாள். தவழ்ந்து போய் ஒவ்வொருத்தியின் கால் பெருவிரலையும் பிடித்து இழுத்தாள். எழுந்தவள் அடுத்தவள் விரலை இழுத்தாள். பதினொரு பேரும் பூனை மாதிரி எழுந்து கொண்டையைக் கட்டி, படங்கைச் சரிசெய்து, கூடையை மாட்டி, வரிசையாக வெளியே போனார்கள். முகத்தில் ஒரு கோடு சிரிப்பு இல்லை!

“ஒரு மணி நேரமா என்னாடி செஞ்சீங்க?” என்று கண்டாக்கையா குதித்தார்.

“புள்ளைங்க இன்னைக்கு மெதுவாக் குடிச்சுதுங்கய்யா” என்றாள் சந்தனக்கா.

“பொய்! தூங்குனீங்க!”

“தூங்குனோமா?” சந்தனக்கா இடுப்பில் கை வைத்தாள். “உள்ள பாத்தீங்களாய்யா நீங்க?”

அவ்வளவுதான். கண்டாக்கையாவால் பார்த்தேன் என்றும் சொல்ல முடியாது, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கங்காணி குனிந்து தன் காலில் இல்லாத அட்டையைத் தேடினார். தொரை இருமினார், இருமிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். ஜீப் வளைவு திரும்பும்வரை அந்த இருமல் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

போவதற்கு முன் கண்டாக்கையா கதவுக்குச் சொன்னார், “இன்னும் மூணு கெழமை இருக்கு பிலோமினா. மலையில ஒரு நாள் கொழுந்து கொறஞ்சாலும், நீ அங்கதான்.”

எனக்கு அழுகை வந்தது. அன்று சாயந்தரம் சந்தனக்காவிடம் போய், “இனிமே பால் நேரத்துல வாசிக்க மாட்டேன்க்கா” என்றேன்.

“அடி செருப்பால!” என்றாள். “கல்யாணத்துக்கப்புறம் நான் அப்பிடித் தூங்குனதே இல்ல. நிப்பாட்டிருவியா நீ? நிப்பாட்டிப் பாரு.”

அவர்களே பேசி முடிவு செய்தார்கள். தினம் இரண்டு பேர் முறை. மற்ற ஒன்பது பேரும் பால் கொடுத்துவிட்டு மலைக்கு ஓடுவார்கள், அந்த இரண்டு பேர் மட்டும் இன்னொரு அரை மணி நேரம் படுப்பார்கள். அவர்கள் கூடைக்கு ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்து எல்லாரும் போட்டுவிடுவார்கள். கங்காணிக்கு ஒன்பது எது, பதினொன்று எது என்று தெரியாதா? தெரியும். ஆனால் ராசம்மா அவருடைய மருமகள். அவள் முறை அன்று அவர் வேறு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், மற்ற நாளில் மட்டும் எப்படிக் கத்துவார்?

மூன்று வாரமும் கொழுந்து குறையவில்லை. நான்தான் தினமும் செத்துப் பிழைத்தேன். காத்தாடியோடு எழும்பி, கொழுந்து நிறுத்து முடிகிற வரைக்கும் மலைப் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாலையில் யாராவது, “சரியா இருந்துச்சு பிலோ” என்று கத்திவிட்டுப் போனால்தான் சோறு இறங்கும்.

தவணை முடிந்த நாள் பால் நேரத்திலேயே கண்டாக்கையா வந்தார். படிக்கட்டில் நின்று, திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “பிலோமினா, தொரை கையெழுத்து வச்சிட்டாரு. இனிமே நீதான் ஆயம்மா.”

நான் கத்தியே விட்டேன்! கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் குதித்தேன். மூக்காயியைத் தூக்கிச் சுற்றினேன். இளைப்பாவது மண்ணாவது. அலை நின்றது, பத்தொன்பதும் ஒரே குரலில் அலறின. வேலை கிடைத்து ஒரு நிமிடம் ஆகவில்லை!

“என்னா சத்தம் அங்க?” என்றார் மலையிடம் ஐயா.

சந்தனக்கா பாய்ந்து கிட்டாரை எடுத்து மடியில் போட்டாள். வாழ்க்கையில் அவள் அதைத் தொட்டதே இல்லை. கட்டைவிரலால் ஆறையும் சேர்த்து ஒரு தடவு தடவினாள். அதே சத்தம். அதே அலை. அந்தச் சுருதியில் தெரிந்தவள் தெரியாதவள் என்று இல்லை, கை இருந்தால் போதும். அழுகை ஒவ்வொரு தொட்டிலாக அடங்கியது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை தாங்கவில்லை.

“படு” என்றாள்.

“என்னாக்கா?”

“இன்னைக்கு ஒன் மொறை. படுடி!”

“புள்ளைங்க...”

“பெத்த எங்களுக்குப் பாத்துக்கத் தெரியாதா?” என்று ராசம்மா என் தோளைப் பிடித்து அமுக்கினாள். யாரோ ஒருத்தி படங்கை மடித்துத் தலைக்கு வைத்தாள். படுத்தேன். சிரிப்புத்தான் வந்தது, தூக்கமா வரும்? அடக்க அடக்க வயிறு குலுங்கியது. அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சந்தனக்கா மட்டும் சிரிக்காமல், தொரைசாணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தாள்.

கண் விழித்தபோது வெயில் மறுபக்கச் சுவருக்குப் போயிருந்தது. அன்றைய முறைக்காரிகள் இரண்டு பேரும் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டி முடித்திருந்தார்கள். கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தேன். எங்கள் தோட்டத்தில் எல்லாரும் யாரோ எழுப்பித்தான் எழும்புவார்கள். தப்பு மேளம் அடித்து எழுப்புவார்கள், கங்காணி கத்தி எழுப்புவார், அம்மா உலுக்கி எழுப்புவாள். அன்றைக்கு என்னை யாரும் எழுப்பவில்லை.